ஏழு மணிச் சாப்பாடு

9 ஜூன், ஞாயிறு

மெல்பர்ன் மாநகரில் நிரந்தரமாகத் தங்குவதன் நன்மை தீமைகள். எழுத வேண்டிய வரிசை:

1. காற்று, குடிநீர், சத்தம்
2. தெருவும் போக்குவரத்தும்
3. வீடு
4. குடும்பத்தோடு இருப்பது (இரவுச் சாப்பாடு உட்பட)
5. உடம்புக்கு வந்தால்
6. பேச்சுத் துணை
7. முடிவு

வந்து இரண்டு வாரம் ஆகிறது. என் மனைவி பகவதி இறந்த அன்றே மகன் சிதம்பரம், "வந்துடுங்கப்பா, இனிமே தனியா என்னத்துக்கு" என்றான். விசா கைக்கு வர வெகுநாள் ஆகிவிட்டது. பாளையங்கோட்டை வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டு டாக்டர் அதை வாங்கத் தயாராக இருக்கிறார். தீபாவளிக்குள் பதில் சொன்னால் போதும் என்றார். அதை விற்றுவிட்டு மகன், மருமகளோடு இங்கேயே இருந்துவிடுவதா, திரும்பிப் போய்த் தனியாக இருப்பதா? இதுதான் கேள்வி. நகர ஊரமைப்புத் துறையில் வேலை பார்த்த காலமெல்லாம் மற்றவர்கள் எங்கே குடியிருக்கலாம், எங்கே கூடாது என்று குறிப்பு எழுதியவன் நான். என் விஷயத்தில் ஒரு பக்கம் எழுதக் கை வரவில்லை. அதனால் தலைப்பு தலைப்பாக, அவசரமில்லாமல் எழுதலாம் என்று இருக்கிறேன்.

11 ஜூன், செவ்வாய்

தலைப்பு 1. காற்று சுத்தம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். முதல் வாரம் பயந்து காய்ச்சிக் குடித்தேன், இப்போது இல்லை. சத்தம் கிடையாது. கடைசியில் சொன்னதை நன்மையில் சேர்ப்பதா தீமையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. பகலில் இருவரும் வேலைக்குப் போன பிறகு ஃபிரிட்ஜ் ஓடுவது மட்டும் கேட்கிறது. அதுவும் நடுநடுவே நின்றுவிடுகிறது.

துணி துவைக்கும் முறை இங்கே நன்றாக இருக்கிறது. சிதம்பரத்தின் துணி சனிக்கிழமை, மருமகள் வடிவின் துணி ஞாயிற்றுக்கிழமை. தனித்தனிக் கூடை. சாயம் ஒட்டும் பேச்சே இல்லை. என் துணியை யார் கூடையில் போடுவது என்று தெரியாமல் குளியலறையில் கையால் துவைத்துக்கொள்கிறேன்.

15 ஜூன், சனி

தலைப்பு 2. நாங்கள் இருப்பது டார்னெட் என்ற புறநகர். தெருக்கள் அகலம். இரண்டு பக்கமும் நடைபாதை. நடைபாதை ஓரத்தில் புல்வெளி; அவரவர் வீட்டு முன்னால் இருப்பதை அவரவர் வெட்டிவிடுகிறார்கள். ஊரில் இதற்காக எத்தனை நோட்டீஸ் அனுப்பியிருப்பேன்.

நடைபாதை இருக்கிறது, நடக்க ஆள் இல்லை. நகரத்துக்கு ரயில் உண்டு. ரயில் நிலையத்துக்குப் போகக் கார் வேண்டும். கார் நிறுத்தும் இடம் விடிந்த கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடுகிறது. இதைத் திட்டமிட்டவரும் என்னைப் போல அறைக்குள் உட்கார்ந்து வரைந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இன்று நூலகத்துக்குப் பஸ்ஸில் போனேன். திரும்பும்போது, நிறுத்தச் சொல்லும் பொத்தானை அழுத்தத் தயங்கி, அடுத்த நிறுத்தத்தில் வேறொருவர் அழுத்தியபோது அவரோடு இறங்கி நடந்து வந்தேன். மழை.

22 ஜூன், சனி

தலைப்பு 3. வீடு தாராளம். நான்கு படுக்கையறை, அலுவல் அறை ஒன்று, குளியலறை மூன்று. முன்பெல்லாம் ஒரு வீட்டின் வரைபடத்தைக் கொடுத்தால் அதில் யார் எங்கே தூங்குவார்கள், யாருக்கும் யாருக்கும் ஆகாது என்றுகூடச் சொல்லிவிடுவேன். அலுவலகத்தில் அதை வைத்துக் கேலி செய்வார்கள். இப்போது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

சிதம்பரத்துக்கு வெளிநாட்டு நேரத்தில் கூட்டங்கள் இருப்பதால் வாசலை ஒட்டிய அலுவல் அறையிலேயே படுத்துக்கொள்கிறான். வடிவு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள்; விடியும் முன்பே கிளம்ப வேண்டும். தூக்கம் கெடாமல் இருக்க இது வசதி. வீடு பெரியதாக இருப்பதன் பலன் இது.

தலைப்பு 4-இல் இப்போதே ஒன்றைக் குறித்துவிடுகிறேன். இந்த வீட்டில் இரவு ஏழு மணிக்கு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம். நான் வந்த அன்றே வடிவு சொன்னாள்: "மாமா, நாங்க ஏழு மணிக்கே சாப்ட்ருவோம். உங்களுக்குச் சரிதான?" சரிதான் என்றேன். என்ன வேலை இருந்தாலும் ஏழு மணிக்கு மேசையில் மூன்று தட்டு இருக்கிறது. ஊரில் பகவதி போன பிறகு நான் அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டவன். நன்மைகளில் இதை முதலாவதாக எழுத வேண்டும்.

5 ஜூலை, வெள்ளி

தலைப்பு 6-க்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறார். நூலகத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் இருக்கும் அலமாரி பக்கம் உட்கார்ந்திருந்தார். பெயர் குகநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பேசத் தயங்கி நின்றதைப் பார்த்து அவரே கேட்டார்.

"தமிழ்நாடோ? எவடம்?"

"பாளையங்கோட்டை."

"மகனோடயோ, மகளோடயோ இருக்கிறியள்?"

"மகனோட."

"அப்ப மருமகள்ர சமையல். கவனமா இருங்கோ."

நல்ல பெண் என்று சொன்னேன். "எல்லாரும் முதல் மாசம் அப்பிடித்தான் சொல்லுறவை" என்றார். நன்மை தீமை எழுதுவதைச் சொன்னதும் சிரித்தார். "நான் முப்பத்தஞ்சு வருசமா யோசிக்கிறன் ஐயா, இருக்கிறதோ போறதோ எண்டு. நீங்கள் தீபாவளிக்குள்ள முடிக்கப் போறியளோ?"

வாடகையைப் பற்றிப் பேச்சு வந்தது. "பிரிஞ்ச ஆக்கள்கூட இஞ்ச ஒரே வீட்டிலதான் இருக்கினம். என்ர மருமகன்ர தம்பி ஒருத்தன். அவனும் மனிசியும் பிரிஞ்சு எத்தினை மாசம். ரெண்டு பேருக்கும் தனி வீடு எடுக்க வழியில்லை. அவர் முன்பக்கத்தால வருவார், அவ பின்பக்கத்தால போவா. ஒரு வருசம் அப்பிடி இருந்தா, கோட்டில விவாகரத்துக் குடுப்பினம்."

ஒரே வீட்டுக்குள் பிரிந்திருக்கிறார்கள் என்று நீதிமன்றத்துக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"படுக்கை வேற, உடுப்புத் தோய்க்கிறது வேற, சமையல் வேற எண்டு காட்டவேணும். ஒண்டா இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாக் கரைச்சல்."

இது என் தலைப்பு எதிலும் வராது. மூன்றாவதில், வாடகை என்ற வகையில் வேண்டுமானால் சேர்க்கலாம்.

இன்று இரவும் ஏழு மணிக்கு மூவரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். புளிக்குழம்பு.

6 ஜூலை, சனி

ஃபிரிட்ஜில் இரண்டு பால் புட்டிகள். நீல மூடி அவனுடையது, பச்சை மூடி அவளுடையது. காலையில் காபி குடிக்கவில்லை.

18 ஜூலை, வியாழன்

கண்ணாடி ஜன்னல் பக்கம் ஹீட்டர் இருப்பதால் மாலையில் அங்கேதான் உட்காருகிறேன். வடிவு இருட்டும்போதே வந்துவிடுகிறாள். உடனே உள்ளே வருவதில்லை. காரை வாசலில் நிறுத்தி விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். ஏழு மணி நெருங்கும்போது இறங்கி, "மாமா, பசிக்குதா?" என்று சிரித்துக்கொண்டே வருகிறாள். பாட்டுக் கேட்பாளாக இருக்கும். இந்த ஊரில் கார் என்பது ஒரு தனி அறை போல. (தலைப்பு 2 அல்லது 3.)

4 ஆகஸ்ட், ஞாயிறு

சிதம்பரத்தின் நண்பர்கள் இரண்டு குடும்பம் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அலுவலகத்தில் அவனை சிட் என்று கூப்பிடுகிறார்களாம். வடிவு அவன் தட்டில் இன்னொரு வடை வைத்தாள். அவன் அவள் நாற்காலியின் முதுகில் கை போட்டுக்கொண்டான். வந்திருந்த பெண் ஒருத்தி, "அங்கிள், உங்க பையனும் மருமகளும்தான் எங்க குரூப்புல மாடல் கப்பிள்" என்றாள். நானும் சிரித்தேன்.

அவர்கள் போனதும் வடிவு பாத்திரம் கழுவினாள். சிதம்பரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வீடு, ஐந்து மணி அடித்த அலுவலகம் மாதிரி ஆகிவிட்டது. நான் மேசையைத் துடைத்தேன்.

13 ஆகஸ்ட், செவ்வாய்

தலைப்பு 5. நேற்றுக் குளியலறையில் தலைசுற்றி விழுந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை. அரசாங்க மருத்துவமனையில் அவசரப் பிரிவில் அரை நாள் காத்திருந்தோம். பிறகு வந்த டாக்டர் மிகவும் பொறுமையாகப் பார்த்தார். காத்திருப்பது தீமை, பார்த்த விதம் நன்மை.

இருவரும் வேலையை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்கள். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவே ஒரு நாற்காலி காலி, அதில் என் கோட்டு. நர்ஸ் வந்து, இன்று இரவு இவருக்குப் பக்கத்தில் யார் இருப்பது என்று கேட்டாள். "நான்" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் வந்த பிறகு அவர்கள் அப்படிப் பார்த்துக்கொண்டதை நேற்றுதான் கண்டேன்.

அதிகமாக எழுதுகிறேன். படுக்க வேண்டும்.

8 செப்டம்பர், ஞாயிறு

வசந்தம் வந்துவிட்டது. மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை கூடு கட்டும் காலமாம். பூங்கா வழியாகப் போனால் பின்மண்டையில் வந்து கொத்துகிறது. குகநேசன் தலையில் காலி ஐஸ்கிரீம் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு நடக்கிறார். எனக்கும் ஒன்று கொடுத்தார். வெட்கமாக இருந்தது, போட்டுக்கொண்டேன்.

"என்ன ஐயா, கணக்குப் பாத்து முடிஞ்சுதோ?"

"ஏறக்குறைய. இருந்துடலாம்னுதான் தோணுது."

"மகன் என்ன சொல்லுறார்?"

"அவன் எதுவும் சொல்லலை. என் இஷ்டம்ங்கான்."

குகநேசன் தலையிலிருந்த வாளியை நிமிர்த்திக்கொண்டார். "மருமகள்?"

அவளிடம் நான் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை என்று சொல்ல முடியாது.

14 செப்டம்பர், சனி

சொல்லிவிட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் சிதம்பரம் டிவியை அணைத்தான். "அப்பா, ஒரு விஷயம்" என்றான். வடிவு, "நான் சொல்லுதேன்" என்றாள்.

"நாங்க பிரிஞ்சுட்டோம் மாமா. போன அக்டோபர்லயே. சண்டையெல்லாம் இல்ல. முடிஞ்சு போச்சு, அவ்ளோதான். அத்தை போயி அப்பத்தான் கொஞ்ச நாள் ஆயிருக்கு. உங்க விசாவுக்கு எழுதிப் போட்டாச்சு. எப்படிச் சொல்லன்னே தெரியல. நீங்க வந்து கொஞ்சம் பழகட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்."

"பழகினதும் இன்னும் கஷ்டமாயிட்டு" என்றான் சிதம்பரம்.

அடுத்த மாதம் ஒரு வருஷம் முடிகிறது. விவாகரத்துக்கு எழுதிப் போட வேண்டும். ஒரே வீட்டில் இருந்ததால், தனித்தனியாகத்தான் வாழ்ந்தார்கள் என்று நேரில் பார்த்த ஒருவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

"பிரண்ட்ஸ் யாரையும் கேக்க முடியாதுப்பா. எல்லார் முன்னாடியும் நல்லா நடிச்சுத் தொலைச்சுட்டோம். வீட்டுக்குள்ள இருந்தது நீங்க மட்டும்தான்."

"இல்லைன்னா?" என்று கேட்டேன்.

"இல்லைன்னா யாராவது ஒருத்தர் வெளிய போகணும். போன நாள்லருந்து மறுபடி ஒரு வருஷம் எண்ணணும். இப்ப இருக்க வாடகைக்கு இந்த வீட்டை விக்காம யாரும் வெளிய போக முடியாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எதையும் கவனிக்கலையே" என்றேன்.

சிதம்பரம் தலையைக் குனிந்துகொண்டான். வடிவு, "சரி மாமா, பரவாயில்ல" என்று தட்டுகளை எடுத்தாள்.

15 செப்டம்பர், ஞாயிறு

நேற்று அப்படி ஏன் சொன்னேன் என்று எழுதிவிடுவது நல்லது. நான் பேசாமல் இருந்தால் அவர்களால் உடனே பிரிய முடியாது. வெளியே போகவும் வசதியில்லை. இன்னும் ஒரு வருஷமாவது ஏழு மணிக்கு மேசையில் மூன்று தட்டு இருக்கும். அது அவ்வளவு வேகமாக மனதில் ஓடியது. முடிவெடுக்க மாதக்கணக்கில் தயங்குகிறவன் அதற்கு ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

17 செப்டம்பர், செவ்வாய்

ஏழு மணி. மூன்று தட்டு. ரசம் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

20 செப்டம்பர், வெள்ளி

இப்போது மாலையில் வெளிச்சம் இருக்கிறது. வடிவின் கார் வந்து நின்றது. வழக்கம்போல அவள் இறங்கவில்லை. நான் ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டில் தெரியாமல் இருந்தது இன்று தெரிந்தது. அவள் பாட்டுக் கேட்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேரேஜ் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும் முன் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் அப்படி இருப்பார்கள்.

செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனேன். கார்க் கதவைத் தட்டுவதா, திறப்பதா என்று நின்றேன். அவளே திறந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஸ்வெட்டர் போடாம வந்திருக்கீங்க மாமா. குளிரும்."

"பாட்டுக் கேக்கியோன்னு நெனச்சேன்."

"இல்ல, சும்மாதான்." பிறகு, "உள்ள வந்தா சிரிக்கணும்லா. அதுக்குக் கொஞ்ச நேரம் வேணும்" என்றாள்.

குறை சொல்வதுபோல அவள் சொல்லவில்லை. சோற்றுக்கு உலை வைக்க வேண்டும் என்பதுபோலச் சொன்னாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்மா" என்றேன்.

"என்ன தெரியும்?"

"துணிக்கூடை. அவன் சனி, நீ ஞாயிறு. அலுவல் அறையில மடிச்சு வச்ச மெத்தை. பால் புட்டி, அவனுக்கு நீல மூடி, உனக்குப் பச்சை மூடி. அவன் பல் தேய்க்கிற பிரஷ் வாசல்பக்கத்துக் குளியலறையில இருக்கு. நீ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. ஆட்கள் வந்தா மட்டும் கூப்பிடுதே."

அவள் என்னையே பார்த்தாள். "எப்பலேருந்து?"

"வந்த ரெண்டாம் நாள்லருந்து."

அவள் சிரித்துவிட்டாள். நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "பால் மூடியக்கூட விடலியா மாமா நீங்க? நாங்க என்னமோ பெருசா மறைச்சுட்டோம்னு இருந்தோம்." சிரிப்பு நின்ற பிறகு கேட்டாள்: "அப்புறம் ஏன் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்க?"

"பயம்தான்."

"கோர்ட்டுன்னா?"

"இல்லம்மா. இந்த ராத்திரிச் சாப்பாடு நின்னு போயிருமேன்னு."

எதிர்வீட்டுக்காரர் குப்பைத் தொட்டியை இழுத்து வந்து தெருவோரம் வைத்துவிட்டு, எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம்.

"மாமா, ஒண்ணு சொன்னா வருத்தப்படக் கூடாது. எனக்கு ஏழு மணிக்குப் பசிக்கவே பசிக்காது. எட்டரை ஆகணும்."

உள்ளே போனோம். சிதம்பரம் மேசையில் தட்டுகளை வைத்துக்கொண்டிருந்தான். "உங்கப்பாவுக்கு எல்லாம் தெரியுமாம், ரெண்டாம் நாளே" என்றாள் வடிவு. அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

"அப்ப எதுக்குப்பா நான் தெனமும் இந்த நேரத்துக்கு ஓடி வாரேன்? நாலு மணிக்கு ஆபீஸ்ல ஒரு தடவ சாப்ட்டுட்டு, இங்க வந்து மறுபடி."

"அதான் தொப்பை" என்றாள் வடிவு.

"ஏழு மணின்னு சொன்னதே நீதான்."

"உங்க வீட்டுல ஏழு மணிக்குச் சாப்பிடுவாங்கன்னு சொன்னது யாரு?"

"அம்மா சொல்லுவா, வயசானவங்க சீக்கிரம் சாப்பிடணும்னு. அத வச்சுச் சொன்னேன்."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"ஊருல நான் எட்டரைக்குத்தான் சாப்பிடுவேன்" என்றேன். "உங்க வழக்கம் ஏழுன்னு நெனச்சு மாத்திக்கிட்டேன்."

மூவரும் சிரித்தோம். அந்த மேசையில் நாங்கள் மூவரும் உண்மையாகச் சிரித்தது அப்போதுதான். அது அடங்கியதும் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் வேலையில் இருந்த நாட்களின் குரலில், "கையெழுத்துப் போடுதேன். வேணும்னா வரைபடமும் போட்டுத் தாரேன்" என்றேன். பிறகு இன்னொன்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது தண்ணீர்ச் செம்பைப் பார்த்துக்கொண்டேன்.

"நாளையிலருந்து எனக்காகச் சேந்து உக்கார வேண்டாம்."

26 செப்டம்பர், வியாழன்

வரைபடம் நன்றாக வந்தது. அறைகள், அளவுகள், யார் எந்தக் கதவு வழியாகப் போவது, யார் எந்தக் குளியலறை, ஃபிரிட்ஜில் யாருக்கு எந்த அடுக்கு. வக்கீல் இப்படி ஓர் இணைப்பைப் பார்த்ததில்லை என்றாராம். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

பத்திரத்தில் ஒரு பத்திதான் சிரமம் கொடுத்தது. தனித்தனியாக வாழ்ந்தவர்கள் இரவில் மட்டும் ஏன் சேர்ந்து சாப்பிட்டார்கள் என்று கேள்வி வருமாம். அதை நான்தான் விளக்க வேண்டும். பல தடவை எழுதி அடித்தேன். கடைசியில் ஒரே வரி: "இரவு உணவை அவர்கள் என் பொருட்டு மட்டுமே, என் முன்னிலையில் மட்டுமே, சேர்ந்து உண்டனர்." ஆங்கிலத்தில் அது இன்னும் சுருக்கமாக இருந்தது.

பிரமாணப் பத்திரங்களுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட நூலகத்தில் ஒரு தன்னார்வலர் உட்காருகிறார். இன்று இருந்தவர் ஜாய்ஸ் என்ற வயதான அம்மாள். கடவுள் பெயரால் சத்தியமா, சாதாரண உறுதிமொழியா என்று கேட்டார். சாதாரணமே போதும் என்றேன். இந்த விஷயத்துக்குக் கடவுளைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம் என்று பட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து. "அழகான கையெழுத்து. அரசாங்க வேலையா?" என்றார். ஆமாம் என்றேன். "இதில் எழுதியிருப்பதெல்லாம் உண்மைதானே?" என்று கேட்டபோது, உண்மை என்று சொல்லக் கொஞ்சம் நேரம் ஆகிவிட்டது. அவர் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

சிதம்பரம் காரில் காத்திருந்தான். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகு, "தேங்க்ஸ்ப்பா" என்றான். அப்பாவிடம் சொல்லும் வார்த்தை இல்லையென்று அவனுக்கும் தோன்றியிருக்க வேண்டும். "உங்களுக்கு எங்க இருக்கணுமோ அங்க இருங்க. நான் சின்ன வீடா எடுத்தாலும் உங்களுக்கு ஒரு ரூம் இருக்கும்" என்றான். அந்த அறையில் பகலெல்லாம் ஃபிரிட்ஜ் ஓடுவது மட்டும் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

6 அக்டோபர், ஞாயிறு

இன்று இந்த ஊரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். கோடை நேரம். ஏழு மணிக்கு நல்ல வெயில். மேசையில் ஒன்றும் இல்லை. வடிவின் மடிக்கணினி மட்டும் திறந்திருந்தது. ஒற்றை அறை வீடுகளின் படங்கள். இந்த வீட்டை நவம்பரில் விற்பனைக்குப் போடுகிறார்கள்.

காலையில் பாளையங்கோட்டை எதிர்வீட்டு டாக்டருக்குப் போன் செய்து, வீட்டை விற்பதாக இல்லை என்றேன். "நல்லது சார், தெருவுல நீங்க இல்லாம ஒரு மாதிரியா இருக்கு" என்றார். உண்மையோ மரியாதைக்கோ தெரியவில்லை. மாதக் கடைசியில் டிக்கெட்.

குகநேசனிடம் சொன்னேன். "தீபாவளிக்குள்ள முடிச்சிட்டியள். நான் தோத்துப் போனன்" என்றார். அவர் தந்த ஐஸ்கிரீம் வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

எட்டு மணிக்கு மேல் எழுந்து கொஞ்சம் உப்புமா கிளறினேன். கிளறி இறக்கும்போது வடிவு அறையிலிருந்து வந்தாள். "எனக்கு இருக்கா மாமா?" என்றாள். இருந்தது. இருவரும் உட்கார்ந்தோம். அவள் பார்த்த வீடுகளைப் பற்றிச் சொன்னாள். ஒன்றில் சமையலறைக்கு ஜன்னலே இல்லையாம். அதை எடுக்காதே என்றேன். இன்னொன்றின் படத்தைக் காட்டினாள். கழிவுநீர்க் குழாய் போகும் இடம் சரியில்லை என்றேன். "வருஷத்துல ரெண்டு மாசம் என் வீட்டுக்கு வாங்க மாமா. நான் எடுக்கப்போற வீட்டுல என்னவெல்லாம் தப்புன்னு சொல்ல ஆளு வேணும்" என்றாள். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று இப்போது நினைவில்லை.

நடுவில் சிதம்பரம் தண்ணீர் எடுக்க வந்தான். எங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் ஒரு கட்சியா?" என்றான். ஒரு கரண்டி உப்புமாவைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு அறைக்குப் போனான். நாங்கள் அவனை உட்காரச் சொல்லவில்லை.

எழுதியவற்றை இன்று முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கின்றன. தண்ணீர் சுத்தம், தெரு அகலம், ரயிலுக்குக் கார் வேண்டும், மருத்துவமனையில் காத்திருக்க வேண்டும். தலைப்பு 4-இல் ஒரு திருத்தம். இந்த வீட்டில் இரவு ஏழு மணிக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம் என்று ஜூன் மாதம் எழுதி, நன்மைகளில் முதலாவதாக வைக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தேன். அது தவறு. அப்படி ஒரு வழக்கம் எங்கள் யாருக்கும் இருந்ததில்லை.